இந்த ஊரில் யாருக்கும் இல்லாத பெயர்

என் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படிக்கிறவர்களில் நாலு பேராவது "என்ன?" என்று நிமிர்ந்து பார்ப்பீர்கள். அவ்வளவு பொதுவான பெயர். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பிலேயே ஐந்து பேருக்கு அது இருந்தது. வாத்தியார் ஒருவனைத் திட்டக் கூப்பிட்டால் ஐந்து பேரும் எழுந்து நிற்போம். அடி மட்டும் எப்படியோ என்னிடம் வந்து சேரும். நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு முன்பே இரண்டு பேர் அதே பெயரில் இருந்தார்கள். அதனால் சேர்ந்த அன்றே எனக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்ணாடிக் கடையில் ஒருவனைக் கண்ணாடி என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. "கண்ணாடியைத் துடைத்து உள்ளே வை" என்று முதலாளி சொன்னால் ஒரு நிமிடம் எனக்கே பயமாக இருக்கும்.

ஆகையால், எனக்குப் பேத்தி பிறந்த மறுநாள் காலை, குளித்து, சட்டை மாற்றி, கூடத்தின் நடுவில் நின்று ஒரு சபதம் எடுத்தேன். என் பேத்திக்கு இந்த ஊரில் ஒருவருக்கும் இல்லாத பெயரைத்தான் வைப்பேன். அரபிப் பெயராக இருக்கும். நல்ல பொருள் இருக்கும். ஆனால் எந்த வரிசையில் கூப்பிட்டாலும் அவள் ஒருத்திதான் எழுந்திருக்க வேண்டும்.

மனைவி குழந்தைக்கான துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்தாச்சா?" என்றாள்.

"என்ன?"

"சபதம். எடுத்தாச்சுன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஃபேன் காத்து இந்தப் பக்கம் வரலை."

தள்ளி நின்றேன். எங்கள் வீட்டு நடைமுறையை இங்கே விளக்கிவிட வேண்டும். எதிலும் கடைசி முடிவு என்னுடையதுதான். அது என்ன முடிவு என்பதை எனக்கு அவள் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். சில சமயம் சொல்லாமலே விட்டு, நானாகப் போய்ச் சேரும்படி வழியில் இருக்கும் மற்ற கதவுகளையெல்லாம் சாத்திவைப்பாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இதை நான் கண்டுபிடிக்க முப்பது வருஷம் ஆனது. கண்டுபிடித்து ஒரு பயனும் இல்லை.

மகளுக்கு அவள் சொன்ன பெயரைத்தான் வைத்தோம். தெருவுக்கு மூன்று பேருக்கு இருக்கும் பெயர். நான் அப்போதே முனகினேன். "எல்லாரும் வைக்கற பேரே போதும்ங்க. அந்தப் பேர்ல இருக்கறவங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று சொன்னாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். மூன்று நாள் இருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் கதவைத் திறந்து என் பெயரைக் கூப்பிட்டாள். "குழந்தைக்கு இனிமே பயம் இல்லை. பால் குடிச்சுது" என்றாள். நான் ஓடினேன். பெண்கள் வார்டில் படுத்திருந்த மனைவியிடம் போய், மூச்சு வாங்க, பயம் இல்லையாம், பால் குடித்தாளாம் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பருத்த மனிதருக்கும் என் பெயர்தான். பால் குடித்தது அவர் குழந்தை. எங்களுடையது அதற்கு அரை மணி முன்பே போய்விட்டது.

என் வாயாலேயே முதலில் அதைச் சொல்லி, பிறகு இதையும் சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தேன். தொட்டிலைக் கடையின் சாமான் அறைக்குக் கொண்டுபோனேன். துணிகளைக் கொடுத்துவிட்டேன். அடக்கம் செய்யும் சீட்டில் பெயர் என்ற இடத்தில் 'வைக்கவில்லை' என்று எழுதினேன். மனைவியிடம், "பேர்கூட வைக்கலை. மனசுல வெச்சுக்காத, விட்டுடு" என்றேன். விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பொதுப் பெயர்மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின கதையைத்தான் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் அதுதான் வசதி.

சபதத்துக்கு வருகிறேன்.

பிறந்து பதினாலு நாளுக்குள் பெயரைப் பதிய வேண்டும். மருமகன் வெளியூரில் வேலை. தொலைபேசியில் "உங்க இஷ்டம் மாமா" என்று கழன்றுகொண்டார். மகள் தூக்கக் கலக்கத்தில் எதற்கும் சரி என்றாள். களம் எனக்கே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பெயர் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் தெரியவில்லை.

அந்த யோசனையும் நானாகச் செய்ததாகத்தான் அப்போது நினைத்தேன். "பதிவு ஆபீஸ்ல மூணாம் நம்பர் ஜன்னல்ல ஒரு அம்மா இருக்காங்களே, உங்ககிட்டதானே கண்ணாடி போட்டாங்க" என்று மனைவி ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். பழைய பதிவேடுகளையெல்லாம் போன வருஷம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள் என்பதையும் அவளே சொன்னாள். இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. எழுந்து சட்டையை மாட்டினேன்.

மூன்றாம் ஜன்னல் அம்மா நல்லவர். கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் சேர்த்து நான் செய்துகொடுத்த கண்ணாடி அவர் மூக்கில் சரியாக உட்கார்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "பேரைச் சொல்லுங்க, எத்தனைன்னு மட்டும் சொல்றேன்" என்றார்.

'ஹனான்' என்றேன். கனிவு என்று பொருள். அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். இவ்வளவு கனிவு ஊரில் இருந்தும் எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லையே என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் 'லுஜைன்'. வெள்ளி. பத்தொன்பது பேர். அதற்கு மறுநாள் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, நூலகத்தில் உட்கார்ந்து, தடித்த அகராதி ஒன்றைப் புரட்டி 'தீமா'வைப் பிடித்தேன். இடி மின்னல் இல்லாமல், நிதானமாக, நின்று பெய்கிற மழை. என்ன அழகான பொருள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"இடி இல்லாத மழையா?" என்றாள். "அப்ப உங்க சாயல் இருக்காது."

தீமா ஏழு பேர் இருந்தார்கள்.

இப்படியே போனது. நான் பட்டியல் போடுவேன், மூன்றாம் ஜன்னல் அம்மா எண்ணிக்கை சொல்வார், நான் திரும்பி வருவேன். நாலைந்து நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்தாலே அந்த அம்மா முகத்தைத் தாழ்த்திக்கொள்ள ஆரம்பித்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். வீட்டில் மகளும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் நிறுத்துவார்கள். பிள்ளை பெற்றவளிடம் தாய்க்குப் பேச ஆயிரம் இருக்கும். நான் கண்டுகொள்ளவில்லை. குழந்தையைப் பாப்பா என்று கூப்பிட்டார்கள். அதாவது, நான் இருக்கும்போது.

பன்னிரண்டாம் நாள். இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம். கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரபி வாத்தியார் உள்ளே வந்தார். மகளுக்குப் பள்ளியில் பாடம் சொன்னவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. எழுத்து மங்கலாகத் தெரிகிறது, பவர் மாறியிருக்குமோ என்னவோ, பார்த்துச் சொல் என்றார்.

இருட்டறையில் உட்காரவைத்து, சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, சுவரிலிருந்த எழுத்துப் பலகையைக் காட்டினேன். கடைசி வரிவரைக்கும் கடகடவென்று படித்தார். அதற்கும் கீழே, அச்சகத்தின் பெயர் எறும்பு மாதிரி இருக்கும், அதையும் படித்தார். பவர் ஒரு பொட்டுகூட மாறவில்லை. சொன்னேன். அவருக்கு அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இந்தப் பலகையெல்லாம் இல்லாத காலத்தில் எதை வைத்துக் கண்ணைச் சோதித்தார்கள் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

வானத்தை வைத்துத்தான் என்றார். வடக்கே ஏழு நட்சத்திரம் கரண்டி மாதிரி இருக்கும். காம்பில் நடுவில் இருப்பதோடு ஒட்டினாற்போல் பொடியாக ஒன்று இருக்கும். தமிழில் அருந்ததி என்கிறோம். அரபிகள் அதற்கு சுஹா என்று பெயர் வைத்தார்கள். அது தெரிந்தால் கண் நல்ல கண், தெரியாவிட்டால் கோளாறு. பெண் பிள்ளைக்கும் அந்தப் பெயரை வைப்பதுண்டு, ஆனால் அபூர்வம். நாற்பது வருஷம் வகுப்பெடுத்ததில் ஒரு சுஹாவைக்கூட நான் பார்த்ததில்லை என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண் பார்க்கிறவன் பேத்திக்குக் கண் பார்க்கிற நட்சத்திரம். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? பொருள் என்ன என்று கேட்டேன். வாத்தியார் சோதனைக் கண்ணாடியைக் கழற்றி மெதுவாக மேஜையில் வைத்தார்.

"கவனிக்காம விட்டது. மறந்துபோனதுன்னும் சொல்வாங்க."

"அது என்ன வாத்தியாரே, பிள்ளைக்கு வைக்கற பேரா?"

"மறந்துபோனதைத்தானே அத்தனை பேரும் தலையைத் தூக்கித் தேடினாங்க?" என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, வீட்டம்மாவை விசாரித்ததாகச் சொல் என்றார். சரி என்றேன்.

அன்று நான் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தேன். மனைவி பீரோ முன் நின்று எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள். கிடைத்துவிட்டது என்றேன். இதுவரைக்கும் யார் காதிலும் விழாத பெயர் என்றேன்.

"என்ன பேர்?"

"சுஹா."

அவள் திரும்பவில்லை. "என்ன?" என்றாள். "காதுல விழலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

"சுஹா."

"இன்னொரு தடவை."

அவளுக்குக் காது பாம்புக் காது. தெருமுனையில் நான் யாரிடமாவது கடன் சிகரெட் கேட்டால் அடுப்படியிலிருந்தே தெரிந்துகொள்கிறவள். ஆனாலும் என் கண்டுபிடிப்பின் பெருமையில் மூன்றாவது தடவையும் நிறுத்தி, தெளிவாக, மேடையில் சொல்கிற மாதிரி சொன்னேன். அவள் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் எதையோ தேடினாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் நாளைக்குப் போய் எத்தனை பேர்னு கேட்டுட்டு வந்துடுங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன்.

மறுநாள் மூன்றாம் ஜன்னலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"சுஹா," என்றேன். "பூஜ்யம்னு நானே சொல்லிடறேன். நீங்க சும்மா பார்த்து உறுதி பண்ணுங்க."

அந்த அம்மா தட்டவே இல்லை. விரல்களை மேஜைமேல் கோத்து வைத்துக்கொண்டு, "ரெண்டு சார்" என்றார்.

"ரெண்டா?"

"ரெண்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாற்பது வருஷம் பாடம் எடுத்த வாத்தியார் பார்த்திராத பெயர் இரண்டு பேருக்கு எப்படி வந்தது, அந்த இரண்டு பேரின் அப்பன்மார் யார், எந்தத் தெரு என்று கேட்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு உங்க பேத்தி. போன செவ்வாய்க்கிழமை உங்க வீட்டம்மாவே வந்து பதிஞ்சுட்டாங்க. மகளோட கையெழுத்தும் வாங்கிட்டு வந்திருந்தாங்க. நீங்க வந்து வேற வேற பேரா கேக்கறப்போ எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு சார். அவர் வாயால இந்தப் பேரைக் கேக்கற வரைக்கும் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டாங்க."

செவ்வாய்க்கிழமை என்றால் குழந்தை பிறந்த ஐந்தாம் நாள். நான் தீமாவோடு நூலகத்தில் உட்கார்ந்திருந்த நாள். வாத்தியார் கடைக்கு வந்ததோ அதற்கு ஒரு வாரம் கழித்து. பவர் மாறாத வாத்தியார். வீட்டம்மாவை விசாரித்ததாகச் சொன்ன வாத்தியார். ஊரே சேர்ந்து எனக்குக் கண்ணாடி மாட்டியிருக்கிறது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், "சார், ஆச்சுன்னா நகருங்க" என்றார்.

நகர்ந்திருப்பேன். ஆனால் கணக்கு உதைத்தது.

"இன்னொண்ணு யாரு?"

அந்த அம்மா எழுந்து போனார். பின் அறையிலிருந்து தோல் அட்டை போட்ட பெரிய பதிவேடு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். வீட்டிலிருந்து முன்பே எடுத்து வைக்கச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது, நடுவில் ஒரு சீட்டு செருகியிருந்தது. பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பிவைத்தார்.

எழுத்து பழுப்பேறி மங்கலாக இருந்தது. தள்ளிவைத்துப் பார்த்தேன், கிட்ட வைத்துப் பார்த்தேன். கடைசியில் அந்த அம்மாதான் விரல் வைத்து, தணிந்த குரலில் படித்தார். பெண் குழந்தை. பெயர் சுஹா. தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பெயர். தொழில், கண்ணாடிக் கடை. விலாசம், நாங்கள் முதலில் குடியிருந்த மாடி அறை. பிறந்த தேதிக்குப் பக்கத்திலேயே, மூன்று நாள் தள்ளி, இன்னொரு தேதி. பதிந்தவர், தாய்.

கீழே அவள் கையெழுத்து இருந்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. பிரசவம் ஆகிப் பதின்மூன்றாம் நாள் பதிந்திருக்கிறாள். அந்த அறையிலிருந்து இந்த அலுவலகத்துக்கு ஏற்றமான சாலையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், காலில் தூசி இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. வெளியே போய் ரொட்டி வாங்கி வந்தேன். கேட்காமல் இருந்ததைப் பெரிய பெருந்தன்மை என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர் இந்தத் தடவை நகரச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மதியம் ஆகிவிட்டது. மனைவி கொல்லைக் குழாயடியில் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்தேன்.

"ரெண்டுன்னு சொன்னாங்க," என்றேன்.

"ம்," என்றாள். ஒரு துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டாள்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். இவ்வளவு நாடகம் எதற்கு, வாத்தியார் எதற்கு, என்னை எதற்கு இத்தனை நாள் ஜன்னலுக்கு அலையவிட்டாய் என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன். கெஞ்சுகிற மாதிரிதான் வந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். சொல்லியிருந்தால் விட்டுடு என்று சொல்லியிருப்பீர்கள் என்றாள். முப்பத்தொரு வருஷமாக எத்தனையோ தடவை சொல்ல வாய் எடுத்திருக்கிறேன், உங்கள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன் என்றாள். பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினபோது, சரிபார்க்கக் கடிதம் வந்ததாம். அவளே தனியாகப் போய், பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாளாம். மகளிடம், அவள் மாசமாக இருந்தபோதுதான், உனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று சொன்னாளாம். மகள் அழுதுவிட்டு, பெண் பிறந்தால் அந்தப் பெயர்தான் என்று அவளாகவே சொன்னாளாம்.

"வாத்தியாரை முதல் நாளே அனுப்பியிருக்கலாம்," என்றேன்.

"அனுப்பினா, நல்லாத்தான் இருக்கு, இன்னும் தேடுவோம்னு சொல்லியிருப்பீங்க. ரெண்டு நாள் பாக்கின்னு ஆனப்புறம்தான் எது கிடைச்சாலும் பிடிச்சுக்குவீங்க." அவளுக்கு என்னைத் தெரியும், நான் செய்த கண்ணாடிகளை எனக்குத் தெரிவதைவிட நன்றாகவே தெரியும். "நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கக் கூடாதுங்க. நீங்களாப் போய்ப் பார்க்கணும். அவ இருந்தான்னு எழுத்துல பார்க்கணும். அதுக்குத்தான்."

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. பேர் எங்கே கிடைத்தது, வாத்தியார் அப்போது நமக்குப் பழக்கம்கூட இல்லையே என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"நீங்கதானே சொன்னீங்க?"

அப்போது அவளுக்கு ஏழாம் மாசம். நான் கடையில் புதிதாகச் சேர்ந்து கண்ணாடி உரசக் கற்றுக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் கேட்ட கதைகளையெல்லாம் அவளிடம் வந்து ஒப்பிப்பேன். ஒரு நாள் நன்றாக இருட்டினபிறகு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், வடக்கே கை நீட்டி, அந்தப் பொடி நட்சத்திரம் தெரிகிறதா என்று கேட்டேனாம். தெரிகிறது என்றாளாம். அப்படியானால் உன் கண் நல்ல கண், பெண் பிறந்தால் இந்தப் பெயரை வைத்துவிடுவோம் என்று நானே சொன்னேனாம். எனக்குத் துளியும் நினைவில்லை. இரண்டு வாரம் ஊரெல்லாம் தேடிக் கண்டுபிடித்த பெயர் என் வாயிலிருந்தே வந்தது. நான் வைத்த பெயர்தான் அந்தப் பதிவேட்டில் இருந்தது. சீட்டில் 'வைக்கவில்லை' என்று எழுதினவனும் நான்தான்.

அழுதேன். மறைக்காமல் சொல்கிறேன், அந்தப் படியில் உட்கார்ந்து நன்றாகவே அழுதேன். அன்றைக்கு வார்டில் வந்து பயம் இல்லையாம் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டேனே என்றேன். அதைச் சொல்ல எனக்கு முப்பத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது.

"நீங்க எங்க பொய் சொன்னீங்க? உங்க பேரைத்தானே கூப்பிட்டாங்க," என்றாள். "உண்மை தெரியற வரைக்கும் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமா இருந்தேங்க. அவளுக்குக் குடுக்க எனக்குப் பால் கட்டியிருக்குன்னு எழுந்து உட்கார்ந்துட்டேன்." முந்தானையால் அவள் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு அதே முந்தானையை என் பக்கம் நீட்டினாள். "அந்த எழுத்தைப் படிக்க முடிஞ்சுதா?"

"மூணாம் ஜன்னல் அம்மாதான் படிச்சாங்க. மங்கலா இருந்துச்சு."

"மை மங்கலை. ரெண்டு வருஷமா பேப்பரையே கையை நீட்டித்தான் படிக்கறீங்க. கடையில யார்கிட்டயாவது கண்ணைக் காட்டுங்க."

எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிக்குப் போய்விட்டாள்.

நான் உள்ளே போனேன். மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தொட்டில். அப்போதுதான் கவனித்தேன், அது பழைய தொட்டில். கடையின் சாமான் அறையில் நான் போட்ட அதே தொட்டில், புதிதாக வர்ணம் அடித்து. முதலாளியும் உடந்தை. இரண்டு வாரமாக என் கண் முன்னால்தான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

குனிந்து பார்த்தேன். குழந்தை முஷ்டியை மூடிக்கொண்டு கிடந்தாள். கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. நேற்று அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லியிருந்தேன், ஆனால் அது யாரையும் கூப்பிட்டதாகாது.

"சுஹா," என்றேன். வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன் போலிருக்கிறது.

கொல்லையில் துணி உதறும் சத்தம் நின்றது.

"யாரைக் கூப்பிடறீங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

கொஞ்சம் யோசித்தேன். "ரெண்டு பேரையும்தான்."

ஒரு துணியை உதறும் சத்தம் கேட்டது. பிறகு பதில் வந்தது.

"குழந்தை இப்பத்தான் கண் அசந்தா, எழுப்பிடாதீங்க. மூத்தவளைன்னா மெதுவாக் கூப்பிட்டாலே போதும், அவளுக்குக் கேக்கும்."

மெதுவாகக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் கடைசி முடிவு எப்போதும் என்னுடையதுதான்.